திவான் சேஷாத்ரி ஐயரும் தொண்ணூற்றிரண்டு மைல் கம்பியும்

பெங்களூர் வாழ் தமிழ்க் குடும்பங்களுள் சேஷாத்ரிபுரம் என்னும் பெயரை நாள்தோறும் வாயால் சொல்லாதவை மிகச் சிலவே. பிள்ளைகளின் பள்ளி அங்கே, மருத்துவர் அங்கே, பஸ் மாறும் இடம் அங்கே. கப்பன் பூங்காவில் செந்நிறம் பூண்டு நிற்கும் மத்திய நூலகக் கட்டடத்தையும் யாவரும் கண்டிருப்பர். அது 1915-ஆம் ஆண்டில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபமாக எழுந்தது. அதன் முன்னர் நிற்கும் சிலையை 1913-இல் அன்றைய வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு திறந்து வைத்தார். ஆயினும் அச்சிலைக்குரியவர் யார், எவ்வூரினர், இந்நகருக்கு என் செய்தார் என்று வினவினால், நம்மவருள்ளும் பலர் திகைப்பர். ஆதலின் இவ்வாண்டு மலரில் அப்பெருமகனாரின் வாழ்வைச் சுருக்கமாக எழுத முற்பட்டோம். அவர் செய்தவை பல. அவற்றுள் காவிரியின் வீழ்ச்சியை மின்சாரமாக்கிய செயலையே நாம் விரித்துரைக்க எண்ணுகிறோம். வீட்டில் விளக்கின் பொத்தானை அழுத்தும் ஒவ்வொருவருக்கும் அது தொடர்புடைய செய்தி. அதனுள் நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் எளிய கணக்கொன்றும் அடங்கியிருக்கிறது.

குமாரபுரம் சேஷாத்ரி ஐயர் 1845-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. கணவாய் வழியே பல தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறிய தமிழ் அந்தணர் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தார். பிறந்த மண் ஒன்றாகவும் பேசும் மொழி வேறாகவும் வாழும் நிலை நம் காலனிப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. அவருக்கும் அவ்வாறே இருந்தது. தந்தையை மிக இளமையிலேயே இழந்த அவரைக் குடும்பத்து மூத்தவர்கள் ஆதரித்துப் படிக்கவைத்தனர். கோழிக்கோட்டிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1868-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணத்தக்க காலம் அது. சட்டப் பட்டத்தை உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1874-இல் பெற்றார்.

அவருடைய முதல் வேலை கோழிக்கோட்டுக் கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மேசைக்கு வரும் காகிதங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு மாற்றுவது. எழுத்தர் வேலை பார்க்கும் நம்மனோர்க்கு இச்செய்தி ஒரு மகிழ்ச்சியைத் தருவதை மறைப்பானேன்! ஆனால் அவர் அங்கு நெடுநாள் இருக்கவில்லை. மைசூர் நிர்வாகத்தில் உயர்பதவி வகித்த ரங்காசார்லு அவர்கள் இவருடைய திறமையை அறிந்து, அதே ஆண்டில் மைசூருக்கு அழைத்துக்கொண்டார். அஷ்டகிராமப் பிரிவில் நீதி ஷிரஸ்ததாராகத் தொடங்கி, தும்கூர் ஜில்லாவின் டிப்டி கமிஷனர் வரையில் படிப்படியாக உயர்ந்தார்.

அக்காலத்து மைசூரின் நிலையைச் சிறிது கூறவேண்டும். 1831 முதல் ஐம்பதாண்டுகள் ஆங்கிலக் கமிஷனர்கள் அந்நாட்டை ஆண்டனர். 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. மைசூர் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பர். பஞ்சத்தால் ஏறிய கடனோடு, 1881-இல் சமஸ்தானம் பத்தாம் சாமராஜ உடையாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. முதல் திவானான ரங்காசார்லு 1883-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மறைந்தார். முப்பத்தேழே வயது நிரம்பிய சேஷாத்ரி ஐயரிடம் திவான் பதவி வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். மைசூர்த் திவான்களுள் அத்துணை நெடுங்காலம் இருந்தவர் வேறெவரும் இலர்.

அப்பதினெட்டு ஆண்டுகளில் நடந்தவற்றை எல்லாம் எழுதினால் மலர் முழுவதும் போதாது. புதிய இருப்புப்பாதைகள் அமைந்தன. பெங்களூருக்கு ஹெசரகட்டா ஏரியினின்று குழாய் வழியே குடிநீர் வந்தது. வேதவதி ஆற்றில் மாரிகணவே அணையின் வேலை 1898-இல் தொடங்கிற்று. அதே ஆண்டில் நகரில் பிளேக் நோய் பரவி மக்கள் வீடுகளை விட்டு ஓடியபோது, நெருக்கமான பேட்டைகளுக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் புகும்படி பசவனகுடி, மல்லேசுவரம் என்னும் இரு குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. மல்லேசுவரத்தில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஜம்ஷெட்ஜி டாட்டா விஞ்ஞானக் கழகம் ஒன்று நிறுவ விரும்பியபோது, அதனைப் பெங்களூருக்குக் கொண்டுவர மைசூர் அரசு நிலம் தர முன்வந்ததும் இவர் முயற்சியாலேயே. 1892-இல் விவேகானந்த சுவாமிகள் பெயரறியாத இளந்துறவியாகப் பெங்களூர் வந்தபோது, தம் இல்லத்தில் அவரை வைத்துப் போற்றியவரும் இவரே.

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையன்று. திவான் யார் சொல்லையும் எளிதில் ஏற்காதவர் என்ற பழி அன்றே இருந்தது. உயர்ந்த உத்தியோகங்களில் சென்னை மாகாணத்தினரை மிகுதியாக வைத்தார் என்று மைசூர் மக்கள் மனம் புழுங்கினர். நம்மவருள் சிலர் இதனைப் பொறாமை என்று ஒதுக்குவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தம் ஊரிலுள்ள நாற்காலிகளில் பிறர் அமர்வதைக் கண்டு எவர்தாம் வருந்தார்? மைசூர் சிவில் சர்வீஸ் தேர்வு 1891-இல் தொடங்கியதும், பிரஜா பிரதிநிதி சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அதே ஆண்டில் வந்ததும் இவர் காலத்திலேயே என்பதனையும் உடன் எண்ணவேண்டும். காவிரி நீர் பற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் 1892-இல் உடன்பாடு ஏற்பட்டபோது திவானாக இருந்தவரும் இத்தமிழரே. அவர் மைசூரின் உப்பைத் தின்றவர்; அவர் பொறுப்பு மைசூருக்கே. காவிரி என்னும் பெயரை நம் காலனிகளில் தாழ்ந்த குரலில் பேச வேண்டிய நாட்கள் 1991-இலும் 2016-இலும் வந்ததுண்டு. அந்நாட்களில் இவரைப்பற்றி எவரேனும் நினைத்தாரோ, அறியோம்.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம்.

கோலார்த் தங்கவயலில் 1880-க்குப் பின் செல்வம் மிக்க தங்கப் படிவங்கள் கிடைத்தன. ஜான் டெய்லர் கம்பெனியார் நிர்வகித்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் பெருகின. எடுக்கும் தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து மைசூர் அரசுக்குரிய பங்கு. சுரங்கத்தின் உள்ளே இறங்கியவர் பெரும்பாலும் வடஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். தங்கம் உள்ள பாறையை மேலே ஏற்றவும், பெரிய இரும்பு உலக்கைகளால் இடித்துப் பொடியாக்கவும், ஊறும் நீரை இறைக்கவும் நீராவி இயந்திரங்கள் ஓயாமல் ஓடவேண்டும். அவற்றுக்கு விறகு வேண்டும், நிலக்கரி வேண்டும். சுற்றியிருந்த காடுகள் மொட்டையாயின. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து வரவேண்டியது. 1894-இல் பௌரிங்பேட்டையினின்று, அஃதாவது இன்றைய பங்காருபேட்டையினின்று, மாரிகுப்பம் வரையில் கிளை இருப்புப்பாதை அமைந்தபின் சரக்கு வருவது எளிதாயிற்று; விலை குறையவில்லை. ஆழம் போகப்போக இயந்திரங்களுக்கு வேண்டிய வலுவும் ஏறிற்று.

மறுபுறம் சிவசமுத்திரத்தில் காவிரி ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு வீழ்ச்சிகளாகப் பாறையினின்று குதித்து, எவர்க்கும் பயன்படாமல் நுரையாகச் சிதறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 400 அடி உயர வேறுபாடு அங்கே கிடைக்கும். வினாடிக்கு ஒரு கன அடி நீர் அவ்வளவு உயரத்தினின்று இறங்கினால், இயந்திர இழப்பைக் கருதாதவிடத்து, சுமார் 45 குதிரைத்திறன் வலு அதில் உள்ளது. இவ்வீழ்ச்சியைப் பயன்படுத்தலாம் என்று தனியார் சிலர் அரசுக்கு முன்னரே எழுதியிருந்தனர். ஆனால் வீழ்ச்சி ஓரிடம், தங்கவயல் வேறோரிடம். இடையே 92 மைல் தூரம். காடும் மேடும் கடந்து அவ்வலுவைக் கொண்டு செல்வது எவ்வாறு?

மைசூர் அரசின் துணைத் தலைமை இஞ்சினீயராக இருந்தவர் கேப்டன் ஜோலி த லோட்பினியர் என்பவர், கனடா நாட்டினர். அவர் 1899-இல் இதற்கொரு முழுத் திட்டம் வகுத்தார். திவான் அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, அங்குள்ள நிலையங்களை நேரில் பார்த்துவரச் செய்தார். அந்நாளில் உலகம் எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது என்பதைப் பாருங்கள். நயாகராவினின்று பஃபலோ நகருக்கு 1896-இல் மின்சாரம் சென்றது. தூரம் 26 மைல், அழுத்தம் 11,000 வோல்ட். அதனையே உலகம் வியந்துகொண்டிருந்தது. நம் நாட்டில் டார்ஜிலிங்கில் 1897-இல் சிறியதொரு நீர்மின் நிலையம் எழுந்தது. அதன் வலு 130 கிலோவாட். கல்கத்தாவில் 1899-இல் நிலக்கரியால் மின்சாரம் உண்டாக்கினர். இந்நிலையில் 92 மைல் என்றால் கேட்டவர் நகைத்திருக்கவும் கூடும்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லியாகவேண்டும். கணக்கென்றதும் தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மளிகைக் கணக்கினும் இது கடினமன்று.

குழாயில் வரும் நீரை எண்ணிக்கொள்ளுங்கள். மேல்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தோடு நீர் தள்ளும்; அத்தள்ளுதலைப் போன்றது மின்னழுத்தம், அதனை வோல்ட் என்னும் அளவால் குறிப்பர். குழாயில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைப் போன்றது மின்னோட்டம். அதற்கு அளவு ஆம்பியர். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் நீர் தடைப்படும் அல்லவா? கம்பியிலும் அத்தகைய தடை உண்டு. அதன் அளவு ஓம். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827-இல் இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். உடன் நாட்டவர் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1841-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி பதக்கம் அளித்தபிறகே அவருடைய பெருமை பரவிற்று. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். அதன் அளவு வாட். 746 வாட் சேர்ந்தது ஒரு குதிரைத்திறன்.

வீட்டிலேயே பார்க்கலாம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். குளியலறையில் நீரைக் காய்ச்சும் கீசரில் 2,000 வாட் என்று எழுதியிருக்கும். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் ஓட்டம் சுமார் 8.7 ஆம்பியர். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் அதனுள் இருக்கும் கம்பியின் தடை சுமார் 26 ஓம். விளக்குக்கு அமைந்த சிறிய பிளக்கு 6 ஆம்பியருக்கு உரியது. அதில் கீசரைச் செருகினால், எட்டரை ஆம்பியருக்கு மேல் அதன் வழியே ஓடும். பிளக்கு உருகுவதும், கரிந்த நாற்றம் வீசுவதும், சில வீடுகளில் தீப்பற்றுவதும் இக்கணக்கு அறியாமையால். கீசருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் 16 ஆம்பியர் பெரிய பிளக்கே ஏற்றது. மேசை மின்விசிறி முதலிய சிறு பொருள்களுக்குச் சிறிய பிளக்கு போதும். கடையில் வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் வாட் எண்ணைப் பார்த்து 230-ஆல் வகுத்துக்கொள்வது நலம்.

இதே கணக்கைக் காவிரிக்குப் பொருத்துவோம். தங்கவயலுக்கு முதலில் வேண்டியிருந்தது 4,000 குதிரைத்திறன். 746-ஆல் பெருக்கினால் 29,84,000 வாட். சிவசமுத்திர இயந்திரங்களில் பிறக்கும் அழுத்தம் சுமார் 2,200 வோல்ட். அந்த அழுத்தத்திலேயே அனுப்புவதானால், கம்பியில் ஓடவேண்டிய ஓட்டம் 1,356 ஆம்பியர். கம்பிக்குத் தன் தடை உண்டு. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால், கம்பி வழியிலேயே விழுங்கிவிடும் அழுத்தம் கிடைக்கும். 92 மைல் கம்பியின் தடையைப் பேச்சுக்கு வெறும் 2 ஓம் என்று கொண்டாலும், விழுங்கும் அழுத்தம் 2,712 வோல்ட். அனுப்பியதோ 2,200. வரவுக்கு மேல் செலவு! சுரங்கத்துக்கு ஒரு பொறியும் போய்ச் சேராது. கம்பியைத் தடிப்பாக்கித் தடையைக் குறைக்கலாம் என்றால், வேண்டிய செம்பின் விலைக்கு மைசூர்க் கஜானா தாங்காது.

அழுத்தத்தை 35,000 வோல்ட்டாக உயர்த்தினால் என்னவாகும்? அதே 29,84,000 வாட்டுக்கு ஓட்டம் 85 ஆம்பியராக இறங்கிவிடுகிறது. கம்பியில் வெப்பமாகப் போகும் திறனைக் காண ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, பின் தடையால் பெருக்கவேண்டும். 85-ஐ 85-ஆல் பெருக்க 7,225. தடை 2 ஓம் என்றால் இழப்பு 14,450 வாட். நூற்றுக்கு அரைப்பங்கும் இல்லை. தடையை 20 ஓம் என்று கொண்டாலும் 1,44,500 வாட்; நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. அழுத்தம் ஏறக்குறைய 16 மடங்கு உயர, இழப்பு 250 மடங்கு குறைகிறது. ஓட்டம் இருமுறை பெருக்கப்படுவதன் விளைவு இது. உண்மையில் அங்கே ஓடியது மும்முனை மின்சாரம். அதனால் கணக்கின் நடுவே வரும் சில எண்கள் மாறுமேயன்றி, இந்த மடங்குகள் மாறா. மாறுதிசை மின்னோட்டமாயின் மின்மாற்றி என்னும் கருவியால் அழுத்தத்தை எளிதில் ஏற்றலாம், போய்ச் சேர்ந்தபின் இறக்கலாம். பீங்கான் குப்பிகள் 35,000 வோல்ட்டைத் தாங்குமா என்பதே அந்நாளைய அச்சம். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இடியும் மின்னலும் தாக்கும் வெட்டவெளியில் அத்துணை நீளத்துக்கு அதுவரை எவரும் சோதித்ததில்லை.

திவான் இஞ்சினீயர் அல்லர், சட்டம் பயின்றவர். ஆயினும் இக்கணக்கைக் கேட்டு, புரிந்து, கஜானாவிலிருந்து பல இலட்சம் ரூபாயை இதில் இறக்கத் துணிந்தார். பணம் யாருடையது? பஞ்சத்தில் பிழைத்த உழவன் கட்டிய வரிப் பணம். திட்டம் தோற்றிருந்தால், சென்னையிலிருந்து வந்தவர் மைசூரைக் கெடுத்தார் என்ற சொல் தலைமுறைக்கும் நின்றிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டும் துணியவில்லை. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளச் சுரங்கக் கம்பெனியாரிடம் முதலிலேயே பத்தாண்டு ஒப்பந்தம் பெற்றார். இயந்திரமும் கம்பியும் அமைக்க அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனியும், நீர்ச்சக்கரங்களுக்கு ஸ்விட்ஸர்லாந்தின் எஷர் வீஸ் கம்பெனியும் ஏற்பட்டன. வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட்ட பிறகே கஜானா திறந்தது. இம்முன்யோசனையை நாம் துணிவினும் மேலாக மதிக்கிறோம்.

இத்தனைக்கும் அவருக்கு அது அமைதியான காலமன்று. 1894-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கல்கத்தா சென்றிருந்த சாமராஜ உடையார் தொண்டை அடைப்பான் நோயால் அங்கேயே காலமானார். மூத்த மகனுக்கு வயது பத்து. மகாராணியார் அரசப் பொறுப்பை ஏற்க, திவான் ஆலோசனைச் சபைக்குத் தலைவராக இருந்து முழுப் பாரத்தையும் சுமந்தார். பின்னர்ப் பிளேக். பின்னர் மாரிகணவே. பின்னர் இத்திட்டம். உடல் தளர்ந்தது.

1900-இல் வேலை தொடங்கிற்று. சிவசமுத்திரம் அன்று காய்ச்சலுக்குப் பேர்போன காட்டுப்பகுதி. பெரிய இயந்திரப் பாகங்கள் மத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் மாடுகளாலும் யானைகளாலும் இழுத்துச் செல்லப்பட்டன. நம் ரயில்வேக்காரர் கண்ணோட்டத்தில் பார்த்தால், சரக்கை வண்டியிலிருந்து இறக்கியதோடு நம் பொறுப்பு முடிந்தது. மெய்யான பாடு அதன்பிறகே. ஒவ்வொன்றும் 720 கிலோவாட் வலுவுள்ள ஆறு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. காவிரி நீர் வாய்க்கால் வழியே வந்து, குழாய்களில் இறங்கி, சக்கரத்தைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்தது. தஞ்சை வயலுக்குச் செல்லவேண்டிய நீர் இதனால் ஒரு குடமும் குறையவில்லை.

1901-ஆம் ஆண்டில், வேலை பாதிக்கு மேல் நடந்துகொண்டிருக்கையில், உடல்நலம் குன்றிய காரணத்தால் சேஷாத்ரி ஐயர் பதவியினின்று விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தாறு. ஒன்பதரை மாதம் கழித்து, 1902 ஜூன் 30-ஆம் நாள், சிவசமுத்திரத்தின் மின்சாரம் 92 மைல் கம்பி வழியே கோலார்த் தங்கவயலை அடைந்தது. கணக்குப் பொய்க்கவில்லை. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. ஆசியாவில் அதற்கு நிகர் இல்லை. கணக்கை நம்பியவர் அதைக் காணவில்லை.

பின்னர் 1905 ஆகஸ்டு 5-ஆம் நாள் பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிந்தது. ஆசியாவிலேயே மின்விளக்குப் பெற்ற முதல் நகரம் பெங்களூரே என்று விழா மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். கல்கத்தாவுக்கு ஆறாண்டுகள் முன்னரே மின்சாரம் வந்துவிட்டதால் அவ்வாறு சொல்வது பொருந்தாது. பெங்களூருக்குரிய பெருமை வேறு. அங்கு எரிந்த ஒளி நிலக்கரிப் புகையின்றி, நெடுந்தொலைவில் விழும் ஆற்றிலிருந்து வந்தது. டாட்டா விஞ்ஞானக் கழகம் 1911-இல் மாணவரைச் சேர்த்தபோது முதலில் தொடங்கிய துறைகளுள் மின்தொழில்நுட்பமும் ஒன்றாயிருந்தது. கோடையில் காவிரி மெலிந்தபோதெல்லாம் சிவசமுத்திரத்தில் சக்கரம் தளர்ந்தது. அக்குறையை நீக்குவது கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று. சர் விசுவேசுவரையா 1911-இல் அவ்வணையைத் தொடங்கினார். சிவசமுத்திர நிலையம் இப்போது சேஷாத்ரி ஐயர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தங்கவயலைப் பற்றி ஒரு சொல். திவானின் வரலாற்றை எழுதியோர் தங்கத்தில் வந்த பங்குப் பணத்தைக் கணக்கிட்டனர். சுரங்கத்தில் இறங்கிய தமிழனின் நுரையீரலில் படிந்த கல்தூசியைக் கணக்கிடவில்லை. மின்சாரம் வந்தபின் சுரங்கம் இன்னும் ஆழமாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. ஆழத்தில் வெப்பம் மிகுதி. பாறை திடீரென்று வெடித்துச் சிதறி ஆட்களை மூடுவதும் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த அச்சுரங்கங்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அங்கே மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, வேலைதான் போயிற்று.

அவர்களுள் பல்லாயிரவர் இப்போது விடியுமுன் எழுந்து, சேஷாத்ரி ஐயர் காலத்தில் இட்ட அந்தக் கிளைப் பாதையில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வருகின்றனர். மாரிகுப்பம், கோரமண்டல், பங்காருபேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறும். பங்காருபேட்டைக்குப் பின் நிற்கவும் இடம் இராது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அதே வண்டியில் திரும்புவர். நம் சங்கத்து உறுப்பினருள்ளும் அவர்களுக்கு உறவினர் இருக்கின்றனர். அவ்வண்டியை இழுப்பதும் மின்சாரமே. தலைக்கு மேலே ஓடும் ஒற்றைக் கம்பியில் 25,000 வோல்ட். அழுத்தம் ஏன் அவ்வளவு உயரமாக இருக்கவேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மேலே கண்ட கணக்கைக்கொண்டு தாமே போட்டுப் பார்க்கலாம். வண்டி இழுக்க 10 இலட்சம் வாட் வேண்டும் என்று கொள்க. 25,000-ஆல் வகுத்தால் 40 ஆம்பியர். வீட்டு 230 வோல்ட்டால் வகுத்தால் 4,348 ஆம்பியர் வரும்.